உறை இல்லாமல் கிட்ட வராதே

அவளுக்குத் தையல் கம்பெனியில் சட்டைகளுக்கு இஸ்திரி போடும் வேலை. கணவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு போகிறவன். போனால் இரண்டு மாதம், வந்தால் பத்து நாள்.

அந்த முறை காய்ச்சலோடு வந்தான். ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கு எச்.ஐ.வி. இருந்தது, அவளுக்கு இல்லை.

"மாத்திரையை விடாம சாப்பிடணும். ஒவ்வொரு தடவையும் உறை போடணும். ஒரு தடவைதானேன்னு அசந்துடாதீங்க" என்று சொல்லி நர்ஸ் ஒரு பெட்டி ஆணுறை கொடுத்தார்.

வீடு வந்ததும் அவன் அதைச் சாக்கடையில் வீசினான். "கட்டின பொண்டாட்டிகிட்ட எனக்கு எதுக்குடி அது?"

மறுநாள் அவள் வேறு பெட்டி வாங்கி வந்தாள். அவன் அறைந்ததில் அவளுடைய கடைவாய்ப் பல் உடைந்தது. அதற்கடுத்த நாள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவள் முந்தின நாள் சொன்னதையேதான் சொன்னாள்.

"அடிக்கிறதுன்னா அடிங்க. உறை இல்லாம கிட்ட வராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கதவைத் தாழிட்டான். அவள் அவனுடைய சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து கழுத்தை நெரித்துத் தரையில் தள்ளப் பார்த்தான். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை அவன் தோளில் வைத்து அழுத்தினாள். தோல் கருகியது.

அவன் அலறியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்த அவனுடைய அக்கா கதவை உதைத்துத் திறந்தாள்.

"ஏன்டி, என் தம்பியைச் சுட்டுட்டியா?"

"அவருக்கு எய்ட்ஸ் கிருமி இருக்கு அண்ணி. எனக்கு இன்னும் வரலை. உறை போடச் சொன்னேன்."

அக்கா அவள் கழுத்தில் பதிந்திருந்த விரல் தடங்களையே பார்த்தாள். பிறகு, தெறித்து விழுந்த தாழ்ப்பாளை எடுத்துத் தம்பியின் முழங்காலில் ஓங்கி ஒரு போடு போட்டாள். அவன் சுருண்டு விழுந்தான்.

"உனக்கு வந்தது பத்தாதாடா? ரெண்டு பாடையைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லை."

அன்றே அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். தினமும் காலையில் தம்பி வீட்டுக்குப் போய், அவன் மாத்திரையை விழுங்கும்வரை எதிரே நின்றாள். மூன்று மாதத்தில் அவன் உடம்பு தேறியது. ஒரு நாள் வாசலில் வந்து நின்றான்.

"இனிமே நீ சொல்றபடி கேக்கறேன். வீட்டுக்கு வா."

"நீங்க உறை போடுவீங்க, நம்பறேன். ஆனா என் கழுத்தை நெரிச்ச கை அது. வரமாட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா உள்ளேயிருந்து எழுந்து வருவதைப் பார்த்ததும் நொண்டிக்கொண்டே போய்விட்டான்.

அந்த வாரம் அவள் மறுபடியும் பரிசோதனைக்குப் போனாள். தொற்று இல்லை. சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, ஆஸ்பத்திரி படிக்கட்டிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.