டாரகன் இலையும் எட்டு மேஜைகளும்

ஊருக்குத் தெரிந்த சாப்பாட்டைச் சமைப்பவனுக்கு அடுப்போடு வேலை முடிந்துவிடும்; தெரியாத சாப்பாட்டைச் சமைப்பவன் மேஜைக்கு மேஜை போய் விளக்கமும் சொல்லவேண்டும். வாயில் நுழையாத பெயருள்ள எதையாவது விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பத்து வருஷம் ஒரு சொகுசுக் கப்பலில் சமையல்காரனாக இருந்துவிட்டு, அடையாறில் எட்டே மேஜை போட்ட சைவ உணவகம் ஒன்றில் சேர்ந்தேன். ஐரோப்பியச் சாப்பாடு. முதலாளி பத்மா மேடம். கப்பலில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கற்றுக்கொண்ட டாரகன் இலைதான் என் ஒரே பெருமை. அதைக் கொத்தமல்லி மாதிரிக் கடைசியில் தூவலாம், வெண்ணெயில் போட்டுச் சாஸ் பண்ணலாம், வினிகரில் ஊறவைக்கலாம். ஊட்டியிலிருந்து வாரம் ஒரு பெட்டி வந்தது. மூன்று மாதத்தில் ஜனங்களுக்குப் பழகாவிட்டால் டாரகன் போட்ட நான்கு பதார்த்தங்களையும் மெனுவிலிருந்து எடுத்துவிட்டுப் பாஸ்தாவோடு நிறுத்திக்கொள்வேன் என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். பாஸ்தா வேகவைக்கக் கப்பலிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

பெயர்

பரிமாறுகிற செல்வம் வடபழனிக்காரர். அவர் வாயில் டாரகன், தாரகன் ஆகிவிட்டது. திருத்தினேன். இரண்டு நாளில் மறுபடி தாரகன். ஒரு செவ்வாய்க்கிழமை, முருகன் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு ஒரு குடும்பம் வந்தது. தாரகன் சூப் நன்றாக இருக்கும் என்று செல்வம் சிபாரிசு செய்திருக்கிறார். குடும்பத் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்தப் பெயருக்குக் குட்டி டிராகன் என்று அர்த்தம், வேர் பாம்பு மாதிரிச் சுருண்டிருக்கும், அதனால் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பாம்புக்கடிக்குக்கூட இதைக் கொடுத்தார்கள் என்று விளக்கினேன். பாம்பு என்றதும் அவர் மனைவி தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தார். அவர் மட்டும் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அது முருகன் வதம் பண்ணின அசுரன் பேருப்பா. இப்பதான் அவரைக் கும்பிட்டுட்டு வர்றேன். தக்காளி சூப் இருக்கா?"

வாசனை

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி மகளோடு வந்தார். உருளைக்கிழங்கு சூப்பில் ஒரு வாய் வைத்தவர், சோம்பு வாசனை வருகிறதே, பக்கத்து பிரியாணிக் கடைக் கரண்டி ஏதாவது உள்ளே வந்துவிட்டதா என்று கேட்டார். அந்த இலைக்கே லேசாகச் சோம்பு வாசனை உண்டு, வேறொன்றும் போடவில்லை என்றேன். நம்பவில்லை. ஒரு கொத்தைக் கழுவிக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். முகர்ந்தார், கிள்ளினார், மகளிடம் கொடுத்து முகரச் சொன்னார். பிறகு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "இலை சைவம்தான், ஒத்துக்கறேன். வாசனைதான் சைவமா இல்லை."

பல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எட்டு மேஜையும் நிறைந்திருந்த நேரத்தில், செல்வத்துக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்துவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாரகனை மென்றால் வாய் மரத்துப்போகும், பழைய காலத்தில் பல்வலிக்கு அதைத்தான் மெல்லுவார்கள் என்று பிரெஞ்சுக்காரர் சொல்லியிருந்தார். அவரிடம் கற்ற வித்தையைச் சோதித்துப் பார்க்க எனக்கும் ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. ஒரு கைப்பிடி இலை கொடுத்தேன்.

கால் மணி நேரத்தில் ஐந்தாம் மேஜைக்குப் போகவேண்டியது இரண்டாம் மேஜைக்குப் போயிருந்தது. அவர் சொன்னது சமையலறையில் யாருக்கும் விளங்காமல், கடைசியில் எழுதிக் காட்டினார். சாயந்திரம் பல் டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். போவதற்கு முன் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: "வலி அப்டியே கீது அண்ணே. நாக்குதான் எங்க கீதுன்னு தெரியல."

செடி

மலையில் மழை பிடித்து இரண்டு வாரம் பெட்டி வரவில்லை. இனி யாரையும் நம்பக்கூடாது என்று விதை வாங்கி, கே.கே. நகரில் என் வீட்டு மொட்டைமாடியில் போட்டேன். அடிக்கிற வெயிலுக்குக் கருகிவிடும் என்று பயந்தேன். முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது. பெருமையாக ஒரு இலையைப் பறித்து மென்று பார்த்தால் வைக்கோல். நல்ல டாரகன் விதையில் வராது, குச்சி நட்டுத்தான் வரும் என்பதும், விதையில் வருவது வாசனையில்லாத வேறு வகை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மயிலாப்பூர் குளத்தோரம் பூ விற்கும் கன்னியம்மாவிடம் மல்லிகை வாங்க நின்றபோது, பையிலிருந்த மாடி இலையையும், மறுபடி வரத் தொடங்கியிருந்த ஊட்டி இலையையும் காட்டினேன். என் மாடி இலையை முகர்ந்துவிட்டு, மாட்டுக்குப் போடு என்றார். வாடிப்போன ஊட்டிக் கொத்தை முகர்ந்தவர், இது மரிக்கொழுந்துக்குச் சொந்தம் என்றார். பிறகு நான் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். இரண்டும் ஒரே குடும்பம்தான். அன்று, அந்த இலையை என்ன செய்கிறேன் என்று கேட்டவரிடம், சூப்பில் போடுகிறேன் என்றேன். "நாங்க தலையில வெக்கிறத நீ வாயில வெக்கிறியா? நல்லா பொழச்ச."

உப்பு

மூன்றாவது மாதம், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் மனைவி தனியாக வந்தார். கணவருக்கு இதயத்தில் கோளாறு. உப்பை டாக்டர் அறவே நிறுத்தச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கணவர் சாப்பிடுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்று சொல்லும்போது அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டாக்டர் இல்லை, ஆனாலும் கூட்டி வாருங்கள் என்றேன்.

முதல் நாள் நான் செய்ததை அவர் இரண்டு கரண்டியோடு வைத்துவிட்டார். வீட்டுக்குப் போயும் எனக்கு அதே நினைப்பு. அடுத்த வாரம் பொடி உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் வாட்டி, டாரகன் ஊறிய வினிகர் கொஞ்சம், எலுமிச்சை, மிளகு, மேலே பச்சை இலை என்று கொடுத்தேன். உப்பு ஒரு கல் இல்லை. சமையலறைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சாப்பிட்டார். தட்டு காலியானதும் இன்னொரு தட்டு கேட்டார். அந்த அம்மா கை கழுவப் போய் வெகுநேரம் குழாயடியில் நின்றார்.

எழுந்து போகும்போது தலைமையாசிரியர் என்னைப் பக்கத்தில் அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "டாக்டருக்குத் தெரிஞ்சா திட்டுவார். ஆனா உப்பு கரெக்டா இருந்துச்சு."

மெனு

கெடு முடிந்த அன்று பத்மா மேடம் மெனு அட்டையோடு என் எதிரே உட்கார்ந்தார். தலைமையாசிரியர் வாரம் மூன்று நாள் வருவதும், உப்பு ஆகாத தன் நண்பர்களை அழைத்து வருவதும் அவருக்குத் தெரியும். மற்ற மேஜைகளில் அந்த நான்கு வரியை யாரும் தொடுவதில்லை என்பதும் தெரியும். பேனாவை எடுத்து, டாரகன் என்று வந்த இடத்திலெல்லாம் கோடு போட்டு, மேலே 'மூலிகை' என்று எழுதினார். மூலிகை சூப், மூலிகை உருளை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இலை இருக்கட்டும், நீங்களும் இருங்க. பேரு மட்டும் போகட்டும்."

கப்பலில் பத்து வருஷம் கற்ற வித்தையை ஊரில் விற்க, அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதற்கு மூன்று மாதப் பயிற்சி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.