பங்களாவுக்குப் பாதி டிஸ்க்

தோட்ட ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பொருத்துவது பெரிய வித்தையல்ல. அதன் டிஸ்க்கை யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்று வாய்தவறிக் கேட்டோமோ, தொலைந்தோம். எண்பதுகளின் கடைசியில், யூனிக்ஸ் ஃப்ளாப்பிகளைச் சுமந்துகொண்டு சுங்கை பட்டாணி டவுனிலிருந்து தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் அலைந்தவன் நான். என்னைப் போல் அவதிப்பட்ட அன்பர்களுக்கு இது புதிதாக இராது.

துரையின் பங்கு

பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மேனேஜர் நம்மவர்தான் என்றாலும் எல்லாருக்கும் அவர் துரை. டிஸ்க்கைப் பிரித்த பிறகுதான் யூனிக்ஸ் உள்ளே ஏறும், ஒருமுறை பிரித்தால் எல்லாவற்றையும் அழிக்காமல் மாற்ற முடியாது, ஆகவே தொழிலாளர்கள் கொண்டுவரும் ரப்பர் பால் எடையும் சம்பளமும் போகும் பகுதியைப் பெரிதாக வைப்போம் என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த தோட்டத்து வரைபடத்தைக் காட்டினார். அதில் அவர் பங்களாவுக்கு ஒரு குன்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓர் ஓரம். டிஸ்க்கும் அப்படியே பிரிந்தது, பாதி அவருக்கு.

"எனக்குச் சின்ன எடம்னா, நாளைக்கு எவன்லா என்னை மதிப்பான்?"

தரிசு

மெமரி நிரம்பும்போது யூனிக்ஸ் சுமையை இறக்கி வைக்க டிஸ்க்கில் கொஞ்சம் இடம் காலியாக விடவேண்டும். இதை ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி ஆரோக்கியசாமிக்கு விளக்கி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் அந்த இடத்தைப் பேருக்குக் கொஞ்சமாக வைத்தேன். கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்ந்தது.

"சும்மா கெடக்குற நெலத்தப் பார்த்தா தொர என்னத்தான் ஏசுவாரு தம்பி. எதையாச்சும் நட்டு வை."

தீபாவளிக்கு முதல் நாள்

கிராணி சம்பளக் கணக்கைத் தட்டிக்கொண்டிருந்தபோது தொழிலாளர் பகுதி நிரம்பி, எல்லாம் நின்றுவிட்டது. ஆள் அனுப்பினார்கள், மழையில் நனைந்துகொண்டே போனேன். ஆபீஸ் வாசலில் தோட்டமே காத்து நின்றது. துரையின் பாதி டிஸ்க்கில் இருந்தது கிளப்புக்கு எழுதிய ஒரே ஒரு கடிதம். இன்றைக்கு மட்டும் சம்பளக் கணக்கை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டேன்.

"என் எடத்துல அவங்க கணக்கா? வேற எடம் பாரு."

வாசலில்

வேறு இடம் ஏது? கிராணி பழையபடி கையால் எழுத உட்கார்ந்தார். சம்பளம் கைக்கு வருவதற்குள் பீடோங் துணிக்கடைகள் மூடிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். பால் வெட்டும் முனியம்மா அக்கா, பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்க வேண்டியவர், கம்ப்யூட்டருக்கு என்ன கேடு என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படக்கூட இல்லை.

"பங்களாவுல ஆள் இல்ல, லயத்துல எடம் இல்ல. இதுதான் எங்களுக்கே தெரியுமே தம்பி, இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?"

கம்ப்யூட்டர் வந்தால் தோட்டம் திருந்திவிடும் என்று விற்றோம். வந்த கம்ப்யூட்டர் ஒரே மாதத்தில் தோட்டத்துப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது.