வெடிக்காது என்று எழுதியிருந்தேன்

கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்த பிறகும் நான் வட கொரியாவை விடவில்லை. அந்நாட்டின் ராணுவக் கொள்கையும் பொருளாதாரமும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. போய்ப் பார்க்க முடியாத நாடு. தப்பி வந்தவர்களின் பேட்டிகள், அரசுப் பத்திரிகையின் மொழிபெயர்ப்புகள், அண்டை நாடுகள் வெளியிடும் வணிகக் கணக்குகள், இவற்றை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். அதற்காகவே பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி நூலகத்துக்கு அலைவேன். எதைப் படித்தாலும் எதையோ விட்டுவிட்டதாகவே தோன்றும். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்ப் பழைய குறிப்பைப் புரட்டுவேன்.

ஒருவழியாகக் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். சந்தைகளை மெல்லத் திறந்துவிடும் அரசு வெளிநாட்டு உதவியை இழக்கத் துணியாது, ஆகவே அணுகுண்டைச் சோதித்துப் பார்க்காது என்பது அதன் முடிவு. வழிகாட்டியான பேராசிரியை அதைப் படித்துவிட்டு, "நல்லா வந்திருக்கும்மா" என்றார்.

2006 அக்டோபரில் ஒரு காலை. மழைக்கு முன்னால் உப்புக் குவியல்களைக் கீற்று போட்டு மூட என் கணவர் உப்பளத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்து போன் செய்தார்.

"டிவி பாத்தியா? உன் ஊர்க்காரன் குண்டு வெடிச்சிட்டானாம்."

"யார் சொன்னது?"

"டீக்கடையில ஓடுது. போட்டுப் பாரு."

போட்டேன். செய்தி உண்மைதான். சோதிக்கப்போவதாகச் சில நாள் முன்பு அவர்கள் அறிவித்ததை வெறும் மிரட்டல் என்றே நினைத்திருந்தேன். என் அத்தியாயத்தை மீறிச் செய்துவிட்டார்களே என்று கோபம் வந்தது. எவ்வளவு அபத்தமான கோபம் என்று அப்போதே தெரிந்தது, இருந்தும் அடங்கவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

பேராசிரியையைப் போனில் கூப்பிட்டேன். "அந்த அத்தியாயத்தை எடுத்துடு. இதை எதிர்பாத்த மாதிரியே புதுசா எழுதிடு. இன்னும் யாரும் பாக்கலியே" என்றார்.

மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது கணவரிடம் சொன்னேன். கையில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டு, "சரியாத்தானே சொல்றாங்க. சீக்கிரம் முடியும் இல்ல?" என்றார்.

"முடியும்ங்க. ஆனா நான் எதிர்பாக்கலியே."

அவர் வானத்தைப் பார்த்தபடி வேகவேகமாகச் சாப்பிட்டார்.

நான் அத்தியாயத்தை எடுக்கவில்லை. என் கணிப்பு எங்கே தவறியது என்று அதற்கு அடுத்து இன்னொன்று எழுதினேன். பசிக்கிற மக்களை முன்னிட்டு அரசு முடிவெடுக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தது. பேராசிரியைக்கு வருத்தம், சில மாதங்கள் சரியாகப் பேசவில்லை. ஆய்வேடு நினைத்ததைவிட வெகு தாமதமாகத்தான் போனது.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் அந்தக் கூடுதல் அத்தியாயத்தைப் பற்றி மட்டுமே கேட்டார். பட்டம் கிடைத்தது. பேராசிரியைதான் முதலில் கைதட்டினார். ஆனாலும் பஸ்ஸில் திரும்பும்போது, அடுத்து வட கொரியாவில் என்ன செய்வார்கள் என்ற யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது.