மாமாவுக்குச் சொல்லாத சேதி

எங்கள் வீட்டில் ஒரு பெண் வயசுக்கு வந்தால், அது நடந்த நேரம் கணக்கில்லை. தாய்மாமனுக்குச் சொன்ன நேரம்தான் கணக்கு. அப்பா வீட்டுப் பெண் ஒருத்தி தாம்பாளத்தில் சர்க்கரையும் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து எடுத்துப்போய், மாமன் வீட்டு வாசலில் நின்று சேதி சொல்ல வேண்டும். அவர் பச்சைத் தென்னோலையோடு வந்து குடிசை கட்ட வேண்டும். பெண் அதற்குள் போய் உட்கார வேண்டும். மாமனுக்கு முன்னால் வேறு யார் காதுக்காவது சேதி போய்விட்டால் அவருக்கு அவமானம். சீர் வராது, சண்டைதான் வரும். இந்த வழக்கத்தை யார் உண்டாக்கினார்களோ தெரியாது. அவர்களுக்கு நான் ரொம்பவே கடமைப்பட்டவள்.

எண்பதுகளின் நடுவில் எனக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. தமிழ்ப் பரீட்சையை முடித்துவிட்டு பீர்க்கன்கரணை வீட்டுக்கு வந்த சாயங்காலம் அது நடந்தது. என் வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் எப்போதோ ஆகிவிட்டது. எனக்கு மட்டும் பரீட்சைக்கு நடுவில்தான் வரத் தெரிந்தது.

அத்தை உடனே என்னை மூலையில் உட்கார வைத்துவிட்டாள். அப்பாவின் அக்கா. புருஷன் போனபிறகு எங்களோடு இருந்தாள், வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை பார்த்த தன் மகனுக்கு என்னைக் கட்டுவதென்று நான் நடக்கப் பழகும்போதே முடிவு பண்ணியவள்.

"இனிமே வாசப்படி தாண்டக் கூடாது. பரிச்சய அக்டோபர்ல எழுதிக்கலாம், இன்னா இப்ப?" என்றாள்.

எங்கள் தெருவில் இப்படி அக்டோபருக்குத் தள்ளிப் போட்டவள் ஒருத்திகூட அக்டோபரில் எழுதியதில்லை. நாலைந்து வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தாள். கணக்கில் புலி. அவளுக்கும் அக்டோபர் என்றுதான் சொன்னார்கள். அதற்கு அடுத்த வருஷம் அக்டோபரில் அவளுக்கு வளைகாப்பு. நானும் கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு வந்தேன்.

அது ஞாபகம் வந்ததும் அழுதேன். விசும்பல் எல்லாம் இல்லை, ஊரைக் கூட்டுகிற அழுகை. அத்தை ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதடி! தெருவுக்குக் கேட்டுடப் போவுது. மாமனுக்கு இன்னும் சொல்லல."

எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அம்மா, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை. அத்தை சொன்னதைக் கேட்டாள். பிறகு ரொம்பப் பணிவாகப் பேசினாள். அம்மா பணிவாகப் பேசினால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணி சொல்றது சரிதான். என் தம்பிக்குச் சொல்றதுக்கு முன்னாடி வெளிய யாருக்கும் தெரியக் கூடாது. நாளைக்கு இவ பரிச்சைக்குப் போவலன்னா பக்கத்து வூட்டுல ஏன்னு கேப்பாங்க. கேட்டா தெரிஞ்சிடும்."

"அதனால?"

"அவனுக்குச் சொல்ற வரைக்கும் எப்பவும் போல போய் வரட்டும்."

மாமன் மரியாதை, மாமன் மரியாதை என்று அதுவரை எல்லோரையும் மிரட்டியதே அத்தைதான். பம்மல் தோல் ஷெட்டில் வேலை செய்து களைத்துவந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "அதுவும் சரியாத்தான் படுது" என்றார். அத்தைக்கு எதிராக அப்பா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பேசிவிட்டு ரசம் கேட்டார்.

"அப்ப இப்பவே போய் சொல்லிட்டு வந்துடறேன்" என்று அத்தை தாம்பாளத்தைத் தேடினாள்.

"விளக்கு வெச்சப்புறம் சொல்லலாமா அண்ணி?" என்றாள் அம்மா. அதுவும் வழக்கம்தான். அத்தை தாம்பாளத்தைத் திரும்ப வைத்தாள்.

மறுநாள் விடியும் முன்பே அம்மா கம்பெனிக்குக் கிளம்பிவிட்டாள். நேராகக் கம்பெனிக்குப் போகவில்லை. மாடம்பாக்கத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். பிற்பாடு மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாசலிலேயே நின்று, "ஒரு நல்ல சேதி கீது. அத நீ இப்ப கேக்காத. பாப்பா கடைசிப் பரிச்ச எழுதினப்புறம் கேட்டுக்க" என்றிருக்கிறாள். மாமா கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். அதிகம் பேசமாட்டார், அதிகம் கேட்கவும் மாட்டார். டூல்ஸ் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் பின்வழியாகக் கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அத்தை தாம்பாளத்தோடு வந்து இறங்கியபோது, அவர் பொழிச்சலூரில் மோட்டார் பார்க்கப் போய்விட்டதாக மாமி கையை விரித்தாள்.

அந்தக் காலை நான் இங்கிலீஷ் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு தினமும் இதே கூத்து. அத்தை விடியற்காலையில் போனால் மாமா அதற்கும் முன்பே கிளம்பியிருப்பார். மத்தியானம் போனால் யாரோ ஒருவருடைய கிணற்றுக்குள் இறங்கியிருப்பார். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் அத்தை அவரைத் தாம்பரம் ரயில்வே கேட் அருகே பார்த்துவிட்டாள்.

"தம்பி! நில்லு தம்பி! ஒரு நல்ல சேதி!"

மாமா ஒரு காலை ஊன்றி, சைக்கிளில் இருந்தபடியே கும்பிட்டிருக்கிறார். "நல்ல சேதிய நடுரோட்டுல சொல்லலாமா அக்கா? தட்டோட வூட்டுக்கு வாங்க, முறையா வாங்க!" சொல்லிக்கொண்டே, மூடப்போகிற கேட்டுக்குள் சைக்கிளை விட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அத்தை இந்தப் பக்கம். நடுவில் கூட்ஸ் வண்டி. அன்று அவள் வீட்டுக்கு வந்து திட்டிய திட்டில் ரயில்வேயையும் விட்டுவைக்கவில்லை.

இப்போது சொல்லச் சிரிப்பாக இருக்கிறது. அப்போது அப்படி இல்லை. பரீட்சை முடிந்து வரும்போது, வாசலில் பச்சை ஓலை கிடக்கிறதா என்று தெருமுனையிலிருந்தே எட்டிப் பார்ப்பேன். கிடந்தால் அவ்வளவுதான், மறுநாள் பரீட்சை இல்லை, அப்புறம் வாலாஜாபாத். கிடக்காது. உள்ளே போய் அடுத்த பாடத்தைப் படிப்பேன். இடுப்பு விட்டுப்போகிற வலியோடுதான் கணக்கு எழுதினேன். அந்த வலிமேல் வந்த கோபத்திலேயே எல்லாக் கணக்கையும் போட்டு முடித்தேன்.

கடைசிப் பரீட்சை சோஷியல். எழுதிவிட்டு வெளியே வந்தால் பள்ளிக்கூட கேட்டருகே மாமா நிற்கிறார். சைக்கிள் கேரியரில் பச்சைத் தென்னோலை, நுனி ரோட்டில் புரள்கிறது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் மாமா."

"எல்லாத்தயும்?"

"எல்லாத்தயும்."

"வா, போலாம். உங்க அத்தைய சொல்லச் சொல்லு. இனிமே எனக்குக் காது கேக்கும்."

அவ்வளவு கெட்டிக்காரராக இருந்தவர், சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டார். வாசலில் சைக்கிளைச் சாய்த்ததும் அத்தை வெளியே வந்தாள். மாமாவைப் பார்த்தாள், ஓலையைப் பார்த்தாள். "சேதியே சொல்லல, ஓலை எப்பிடி வந்துச்சு?" என்றாள்.

மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அத்தைக்கு எல்லாம் புரிந்தது. முகம் சிவந்து உள்ளே போனாள். இன்றைக்கு வீடு ரெண்டுபடும் என்று நினைத்தேன். ஆனால் திரும்பி வந்தபோது அவள் கையில் தாம்பாளம் இருந்தது. மாமாவை வாசலில் நிற்க வைத்து, பல்லைக் கடித்தபடி முறையாகச் சேதி சொன்னாள். மாமாவும் அப்போதுதான் கேட்பவர் போல, "அப்டியா அக்கா!" என்று வாயைப் பிளந்தார்.

மாமா ஓலை பின்னுவதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எட்டாவதோடு நின்றவள். "எனக்கு எங்க மாமன் சொன்ன அன்னிக்கே ஓலையோட வந்து நின்னாரு. ரொம்ப நல்ல மனுஷன்" என்றாள். மாமா தலை நிமிரவில்லை. முடிச்சை இன்னும் இறுக்கிப் போட்டார். அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் என்னைத் தொடக்கூடாது என்று அத்தை பக்கத்திலேயே காவல் நின்றாள்.

அத்தை அம்மாவோடு ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரிசல்ட் வந்த அன்று அப்பா தாம்பரம் ஸ்டேஷனில் மாலைப் பேப்பர் வாங்கி வந்தார். என் நம்பர் இருந்தது. நான் துள்ளிக் குதித்துத் தெருவுக்கு ஓடப் பார்த்தேன். அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"கத்தாதடி. மாமனுக்கு இன்னும் சொல்லல."

விளக்கு வைத்தாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். "பரவால்ல" என்று அத்தை அதே தாம்பாளத்தில் சர்க்கரையைக் கொட்டினாள், என்னையும் இழுத்துக்கொண்டு மாடம்பாக்கம் பஸ் ஏறினாள். மாமாவும் பேப்பர் பார்த்திருந்தார். ஆனாலும் சட்டையைப் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி வாசலில் காத்திருந்தார், அத்தை வந்து சொல்லட்டும் என்று.