சுண்டைக்காய் வற்றல்

ஆடிக்கிருத்திகை நெருங்கினால் திருத்தணியில் காவடிகள் பெருகுவதுபோல் காணாமல் போகும் பிள்ளைகளும் பெருகிவிடுவார்கள். அதனால் நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் பள்ளியில் பாதுகாப்பு வகுப்பு வைத்தார்கள். தெரிந்தவர்கள் கூப்பிட்டாலும் போகாதே, மிட்டாய் தந்தால் வாங்காதே, உரக்கக் கத்து. வீட்டுக்கு ஒரு ரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

என் அம்மாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அன்று மாலையே என் காதில் ஓதினாள்.

"சுண்டக்கா வத்தல். இத்த சொல்றவங்களோடதான் வரணும், மாமாவே வந்தாலும் சரி. உங்கப்பாகிட்டகூட சொல்லாத, அவரு மலை பூரா சொல்லிக்கினு திரிவாரு."

அப்பாவுக்கு மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையல். அவர் வாயில் எதுவும் தங்காது என்பது ஊரறிந்த விஷயம்.

மறுவாரம் மதியம் நான் பள்ளியில் தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தபோது அம்மாவின் தம்பி, என் மாமா, வந்து நின்றார். எங்கள் வீட்டில் சோற்றில் கை வைத்தவரிடம் கெட்ட சேதி சொல்லமாட்டார்கள். எமனே வந்தாலும் கை கழுவும்வரை வாசலில் நிற்கவேண்டியதுதான். ஆகவே மாமா சிரித்தார். பாவம், அவருக்கு அது வரவே வராது.

"அம்மா கூப்டுது பாப்பா. சாப்ட்டுட்டு வா, முட்டாய் வாங்கித் தரேன்."

கூப்பிடுகிறார், மிட்டாய் என்கிறார், இளிக்கிறார். வகுப்பில் சொன்ன ஆள் அப்படியே எதிரில் நின்றார்.

"வார்த்தய சொல்லு மாமா."

"இன்னா வார்த்த?"

கத்தினேன். பள்ளியே திரண்டுவிட்டது. டீச்சர் என் அம்மாவின் எண்ணுக்கு அடித்தார். போன் மாமாவின் சட்டைப்பையில் மணியடித்தது. வாட்ச்மேன் அவர் காலரைப் பிடித்துவிட்டார். அப்போதும் மாமா என் சோற்றுக் கையையே பார்த்தபடி கெஞ்சினார்.

"மொதல்ல கைய கழுவிக்கினு வாம்மா."

நான் அசையவில்லை. டீச்சர்தான் என்னை இழுத்துப்போய்க் கழுவிவிட்டார். அதன் பிறகே மாமா தலைமை ஆசிரியையிடம் வாய்விட்டு அழுதார்.

"அக்கா கடத்தெருவுல வுழுந்துட்டாங்க. பேச்சு வரல. மெட்ராஸுக்கு கொண்டு போறாங்க. பொண்ண ஒரு தபா காட்டணுங்க."

அவர்கள் விசாரித்து, நம்பி, என்னை அனுப்பினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் இல்லை. அதில் அப்பாவும் போயிருந்தார். எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்களாம்.

மறுநாள் அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவள் காதருகே குனிந்தேன்.

"மாமா வார்த்தய சொல்லலம்மா. நான் போகல."

பாராட்டுவாள் என்று காத்திருந்தேன். பின்னால் நின்ற மாமா உடைந்த குரலில் கேட்டார்.

"அது இன்னா வார்த்த பாப்பா?"

யாரிடமும் சொல்லக்கூடாதென்று அம்மா சொல்லியிருந்தாள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தச் சொல்லைச் சொல்லி என்னைக் கூட்டிப்போக இனி ஒருவரும் வரப்போவதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.