அடுத்த சிப் வரும்வரை

வீட்டுப் பிளான் கீறிக் கொடுப்பது என் தொழில். என் பழைய லெப்டொப், ஒரு சுவரை நகர்த்தவே வெகு நேரம் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் ஒரு வருடத்துக்கு மேலாகப் புதியது வாங்காமல் இருந்தேன். லெப்டொப்புகளுக்கு இன்னும் வேகமான அடுத்த சிப் வரப்போகிறது, இப்போது வாங்கினால் நட்டம் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். சிப் வந்தது, விலை கூடிய மொடல்களில் மட்டும். சாதாரண மொடல் வரச் சில மாதம். புத்தளம் கடைகளுக்கு வர இன்னும் சில மாதம். அதற்குள் அதற்கு அடுத்த சிப்பின் கதை தொடங்கிவிட்டது. மறுபடியும் காத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை லெப்டொப் அணைந்து போனது. ஆலங்குடாவில் பயணிகளுக்கு அறை கட்டவிருந்த என்னைவிட மூத்த ஒரு ராத்தாவின் பிளான் அதற்குள் இருந்தது. சமைக்கும்போது குசினி ஜன்னலில் கடல் தெரிய வேண்டும் என்று மூன்று தடவை மாற்றிக் கீறச் சொன்னவர். திங்கட்கிழமை அனுமதிக்காகப் பிரதேச சபையில் கொடுக்க வேண்டும். வேறு பிரதி இல்லை.

அன்றே புத்தளத்தில் ஒரு கம்பியூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் லெப்டொப்பைக் கழற்றிப் பார்த்தார்.

"மதர்போர்ட் போயிட்டு தங்கச்சி. ஏன் இவ்வளவு நாள் வெச்சிட்டு இருந்தீங்க?"

"புது மொடல் வரட்டும் எண்டு இருந்தேன் நானா."

அவர் சிரிக்கவில்லை. "கம்பனிக்காரன் அவனுக்குத் தோதான நேரத்திலதான் விடுவான். உங்கட வேல எப்ப முடியணும்?"

"திங்கக்கெழம."

"அப்ப இண்டைக்கே வாங்குங்க."

கடையில் இருந்தது போன வருட மொடல். அதையே வாங்கினேன். பழைய டிஸ்க்கை அதில் பொருத்திப் பார்த்தார். திரை வெகு நேரம் வெறுமையாகவே இருந்தது. பிறகு பிளான் விரிந்தது, குசினி ஜன்னலோடு. "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

திங்களன்று ராத்தாவும் நானும் பிளானைப் பிரதேச சபையில் கொடுத்தோம்.

இரண்டு வாரத்தில் புதிய மொடலை அறிவித்தார்கள். புதிய மொடல்கள் பற்றிக் கைபேசிக்கு வரும் செய்திகளை வேலை மும்முரத்தில் நான் பார்க்கவில்லை; தெரிந்திருந்தும் என் கணவர் மூன்று நாட்களாக அதை என்னிடம் சொல்லவே இல்லை.

"கவலப்படுவீங்க எண்டுதான் செல்லல்ல" என்றார்.

இருவரும் சேர்ந்து வாசித்தோம். பெயர் புதிது, பற்றரி கொஞ்சம் கூட நேரம் நிற்குமாம். என் பிளானுக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை. மனதில் கிடந்த பாரம் இறங்கியது. அன்று அஸர் தொழுதுவிட்டு, கைபேசிக்கு வரும் அந்தச் செய்திகளையெல்லாம் நிறுத்தினேன்.