சித்தியின் தட்டில் கை வைத்தது யார்?

சித்தி கொதித்த பாலையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால், "எதுக்கு இளிக்கிறா?" என்பாள். அப்படிப்பட்டவளிடம், ஓர் இதய ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் அறையை ஒப்படைத்திருந்தார்கள். வீட்டைவிட அந்த அறைதான் அவளுக்கு உயிர்.

இப்போது அதற்கு ஆபத்து. எலிக்குட்டிகளின் இதயத்திலிருந்து எடுத்த தசைச் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பார்கள். செல்லை வளரத் தூண்டும் மருந்து ஊற்றிய தட்டில் செல்கள் வீங்க வேண்டும். ஊற்றாத தட்டில் ஒல்லியாகவே இருக்க வேண்டும். சித்தியின் தட்டுகளில் எல்லாமே வீங்கின. இன்னொரு முறை இப்படி ஆனால் அறையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று தலைமை டாக்டர் சொல்லிவிட்டார்.

"யாரோ எதையோ ஊத்துறாங்க. யாருன்னும் எனக்குத் தெரியும்," என்றாள் சித்தி. அடுத்த மேஜையில் வேலை செய்யும் பெண்ணைத்தான் சொன்னாள். சித்தி அவளுக்கு வைத்த பெயர் பூனை. நடந்தால் சத்தமே வராது.

"கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துனியே, ஒரு நாள் ஒரு இடத்துல உக்காரு. வந்து காவல் இரு," என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

பூனை தன் மேஜையைவிட்டு நகரவே இல்லை. சித்திதான் அலைந்தாள். இதயத்தில் தசைச் செல்களுக்கு இடையே, அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்ச் செல்களும் உண்டு. இரண்டும் கலந்த நீரைத் தட்டில் ஊற்றி வைத்தால் நார்ச் செல்கள் முதலில் அடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு, இன்னும் மிதக்கும் தசைச் செல்களை மட்டும் வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். அதுவரை தட்டைப் பொதுச் சூட்டுப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பது அங்கே விதி; அதற்குப் பூட்டு கிடையாது. சித்தி சாப்பாட்டு நேரம் வந்ததும் அவசர அவசரமாக மாற்றி, தன் சொந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"அதுக்குள்ள ஒட்டியிருக்குமா சித்தி?"

"ஒட்டுன வரைக்கும் போதும். இவகிட்ட விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

பூனை திரும்பினாள். "அக்கா, தினமும் இப்படித்தான் மாத்துறீங்களா?"

"உனக்கெதுக்கு?"

"போன வாரத் தட்ட மைக்ராஸ்கோப்ல பாத்துருவோமே."

சித்தி தட்டை அவளிடம் கொடுக்கவில்லை. தானே வைத்துத் தானே பார்த்தாள். துடிக்கும் தசைச் செல்களுக்கு நடுவே, துடிக்காத நார்ச் செல்கள் பாய் விரித்துப் படுத்திருந்தன.

"நார்ச் செல்லுங்க நிறையக் கிடக்குதா? இவங்க சும்மா கிடக்க மாட்டாங்கக்கா," என்றாள் பூனை. "பக்கத்துத் தசைச் செல்லுக்கு ஏதாவது புரதத்த அனுப்பிக்கிட்டே இருப்பாங்க. அது போய்ச் சேந்தா 'வளரு'ன்னு உத்தரவு மாதிரி. ரத்தக் கொதிப்புல இதயம் தடிக்கிறதுல இவங்களுக்கும் பங்கு உண்டு."

"அப்போ யாரும் ஊத்தலையா?"

"ஊத்தல. என்னை நம்பாம அவசரப்பட்டு, இவங்களையும் சேத்துக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

சித்தியின் முகம் சுருங்கியது. மறுமுறை தட்டைப் பொதுப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் போனாள். வாய்க்கு ஒருதரம் கதவைப் பார்த்தாள். நார்ச் செல்கள் நன்றாக ஒட்டிய பிறகுதான் மற்றதை வேறு தட்டுக்கு மாற்றினாள்.

மருந்து ஊற்றாத செல்கள் இந்தத் தடவை ஒல்லியாகவே இருந்தன. டாக்டர் பார்த்துத் தலையாட்டினார். அறை சித்தியிடமே இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு நன்றி சொல்லலாமே சித்தி?"

"சொல்றேன், சொல்றேன். அவ எதுக்கு எனக்கு நல்லது பண்ணான்னு முதல்ல தெரியட்டும்."